குழியில் போன கையும் கிரஷரில் போன கையும்

திருவக்கரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். பௌர்ணமி இரவில் கூட்டம் நெரியும் வக்கிரகாளியம்மன் கோயில் ஒன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் கல்மரப் பூங்கா இன்னொன்று. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. வானூர் வட்டத்துக்காரர்களுக்கு மூன்றாவதும் ஒன்று உண்டு: குவாரி. சுற்றுவட்டாரத்துப் பாறையை உடைத்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைத்து ஏற்றி அனுப்பும் தொழில். புழுதி படிந்த புளியமரங்களும், சாலையில் விடாமல் ஓடும் டிப்பர்களும் இந்தத் தொழிலின் அடையாளங்கள். கை விரல் போனவர்களும், கால் நொண்டுகிறவர்களும், ஒரு கண் வெளுத்தவர்களும் இந்தத் தொழிலுக்கு உண்டு. அவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது, எதை வைத்து அளக்கிறது, அந்த அளவு நியாயமானதுதானா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். முப்பது வயதுத் தொழிலாளி. நாள் கூலி 800 ரூபாய், மாதம் 26 நாள் வேலை. மாத வருமானம் 20,800 ரூபாய். ஒரு விபத்தில் அவருடைய ஒரு கை மணிக்கட்டோடு போய்விடுகிறது. ஆள், கை, கூலி மூன்றும் மாறாமல் இருக்கட்டும். விபத்து நடந்த இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்த 2025 நவம்பர் 21க்கு முன் அது நடந்ததாகக் கொள்வோம்.

முதலில் குழி. வெடி வைத்துப் பாறை எடுக்கும் குவாரி, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்குள் வந்தது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமோ 'தொழிற்சாலை' என்ற வரையறையிலிருந்து சுரங்கத்தை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருந்தது. ஆகவே குழிக்குள் கை போனவர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தச் சட்டத்தின் கணக்கு இப்படி: முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆனால் உண்மைச் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. 2020 ஜனவரி 3 முதல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய் வருகிறது. ஒரு கை போனால் அட்டவணைப்படி 60 சதவீதம். ஆக, 11,23,092 ரூபாய். ஒரே தடவையில் கொடுத்துக் கணக்கு முடிக்கப்படும்.

அடுத்து, அதே குழியிலிருந்து வெளியே வந்த கல்லை அரைக்கும் கிரஷர். அது தொழிற்சாலை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். பொருந்திவிட்டால் பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அவர் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. இங்கே மொத்தத் தொகை கிடையாது. சராசரிக் கூலியில் 90 சதவீதம், அதில் ஊனத்தின் சதவீதம், ஆயுள் முழுக்க மாதாமாதம். நம்முடைய ஆளுக்குச் சற்றேறக்குறைய மாதம் 11,232 ரூபாய். விலைவாசிக்கேற்ப அவ்வப்போது கூட்டுவதும் உண்டு. மருத்துவம் தனி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனது கனக்கிறது. குழியில் போன கைக்குக் கிடைக்கும் மொத்தப் பணம், கிரஷரில் போன கைக்குக் கிடைக்கும் நூறு மாத ஓய்வூதியத்துக்குச் சமம். எட்டு வருடம், நான்கு மாதம். முப்பது வயதுக்காரர் அதன்பிறகு இன்னும் முப்பது ஆண்டு வாழலாம். இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம், ஒரே ஜல்லிக்காக வேலை செய்தவர்களாகக்கூட இருக்கலாம். நடுவே இருப்பது ஒரு சாய்தளப் பாதைதான்.

மூன்றாவது, சாலை. குவாரியிலிருந்து வெளியேறிய டிப்பர், ஓட்டுநரின் கவனக்குறைவால் அவரைப் பொதுச் சாலையில் மோதி, அதே கை போகிறது. இப்போது வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே சம்பள உச்சவரம்பு இல்லை. 26 முதல் 30 வயது வரை பெருக்கி 17. நாற்பது வயதுக்குட்பட்ட கூலிக்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த அளவு; காயமடைந்தவர்களுக்கும் அது பின்னர் விரிந்தது. கூலியை நிரூபிக்க முடிந்தால், 60 சதவீதத்துக்கே 35,64,288 ரூபாய் வருகிறது. வலிக்கும் வேதனைக்கும், செயற்கைக் கைக்கும், இழந்த வாழ்க்கைச் சுகங்களுக்கும் தனித்தனியே கேட்கலாம். குழியில் போன கைக்கு இந்தத் தலைப்புகள் எதுவும் கிடையாது. மருத்துவச் செலவு மட்டும் 2009 திருத்தத்துக்குப் பிறகு உண்டு.

வழக்கறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: மோட்டார் வழக்கில் எதிர்த்தரப்பின் தவற்றை நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தில் வேண்டியதில்லை, எளிதாகக் கிடைப்பதால் குறைவாகக் கிடைக்கிறது. 1897இல் இங்கிலாந்தில் இந்தச் சட்டத்தின் மூல வடிவம் பிறந்தபோது பேசப்பட்ட பேரம் அதுதான். அதற்கு முன் தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டியிருந்தது, பெரும்பாலும் தோற்றார். ஜெர்மனி 1884இலேயே வேறு வழி கண்டிருந்தது: முதலாளிகள் சேர்ந்து கட்டும் காப்பீடு, காயம்பட்டவருக்கு ஓய்வூதியம். இந்தியா 1923இல் இங்கிலாந்தின் பாதையை எடுத்தது. 1924 ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறகு 1948இல் இ.எஸ்.ஐ. மூலம் காப்பீட்டுப் பாதையையும் எடுத்தது. இரண்டும் அருகருகே ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாதை உங்களுக்கு என்பதைக் காயத்தின் கடுமை தீர்மானிப்பதில்லை. நீங்கள் நின்றிருந்த இடம் தீர்மானிக்கிறது. நூறாண்டு கடந்தபின் இதை நியாயமான பேரம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

விபத்து எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் சட்டத்தைப் பேசக் கூடாது. கிரஷரில் ஜல்லியை ஏற்றிச் செல்லும் பெல்ட்டின் கீழ்ப்பக்க உருளையில் துகளும் ஈரமண்ணும் அப்பிக்கொள்ளும். பெல்ட் ஒருபக்கம் சாய்ந்து ஓட ஆரம்பிக்கும். முறைப்படி இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தினால் லோடு நிற்கும், வெளியே டிப்பர் வரிசை நிற்கும். ஓடும்போதே கம்பியாலோ கையாலோ தட்டிவிடுவார்கள். பெல்ட்டும் உருளையும் சந்திக்கும் இடத்தில் சட்டைக்கையின் முனை மாட்டினால் போதும்; கையைப் பிடுங்கிக்கொள்ளும் நேரம் கிடைக்காது. இப்படிப்பட்ட இடத்துக்கு உறுதியான தடுப்பு வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவில் சொன்னது. குழியில் அபாயம் வேறுவிதம். வெடி வைத்த பிறகு பாறை முகப்பில் தொக்கி நிற்கும் கற்களைக் கடப்பாரையால் தட்டி இறக்கும்போது கல் சரியும். முந்தைய வெடியில் வெடிக்காமல் துளைக்குள் தங்கிய மருந்தில் ஜாக்ஹேமர் இறங்கும். பாறையைப் படிப்படியாக, ஒரு படியின் உயரம் ஆறு மீட்டருக்கு மேல் போகாமல், அகலம் உயரத்துக்குக் குறையாமல் வெட்ட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை. செங்குத்தாக இறங்கிய குவாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எவ்வளவு தூரம் காற்றில் போயிருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நான்கு பேர் இறந்தபோது நாடே பார்த்தது. ஒருவருடைய இரண்டு விரல் போவதை யாரும் பார்ப்பதில்லை.

இனி அட்டவணை. இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையின் இரண்டாம் பகுதி, உடம்பைக் கணுக் கணுவாகப் பிரித்து விலை வைக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். அதன் முதற்கணு மட்டும் போனால் 20. ஆள்காட்டி விரல் முழுதாக 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் 50. மற்றது நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30. தோள்பட்டையோடு கை போனால் 90. தோளின் எலும்பு முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குள் வெட்டுப்பட்டால் 80. முழங்கை எலும்பு முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டர்வரை 70. அதற்கும் கீழே போனால் 60.

இந்த 20.32, 11.43 எல்லாம் எங்கிருந்து வந்தன? எட்டு அங்குலம், நாலரை அங்குலம். நீளத்தை மெட்ரிக் முறைக்கு மாற்றியவர்கள் அளவை மாற்றவில்லை. அங்குலத்தில் அளந்த ஒரு பழைய காலத்தின் கையும் காலும்தான் இன்றும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன்னால் அளக்கப்படுகின்றன. அளவு பழையதாக இருப்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் வருத்தம், அந்த அட்டவணை உறுப்பை மட்டும் பார்க்கிறது, உறுப்பு செய்த வேலையைப் பார்ப்பதில்லை என்பதில்தான். கணக்குப்பிள்ளையின் இடது கையும் கல் உடைப்பவரின் இடது கையும் அங்கே ஒரே 60 சதவீதம்.

ஆனால் சட்டம் அட்டவணையோடு முடிந்துவிடவில்லை. இதைப் பாதிக்கப்பட்டவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'முழு ஊனம்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், விபத்து நடந்தபோது அவரால் செய்ய முடிந்த எல்லா வேலைகளுக்கும் அவரைத் தகுதியற்றவராக்கும் ஊனம் என்பது. 1968 ஜூலையில் ஒரு திரையரங்கில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து இடது கையை முழங்கையோடு இழந்தார். அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான் என்றார் முதலாளி. 1975 டிசம்பரில், பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற அந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அது நூறு சதவீத ஊனம் என்ற ஆணையரின் முடிவை உறுதி செய்தார்கள். 9,800 ரூபாய் இழப்பீடும், தாமதத்துக்காக அதில் பாதியான 4,900 ரூபாய் அபராதமும், வட்டியும் நிலைத்தன. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்பு சொல்லும் நாளில் அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் நிலைநாட்டப்பட்டது. நடுவில் வேறு தீர்ப்புகள் குழப்பினாலும் 2012இல் உச்ச நீதிமன்றம் அதே நிலைக்குத் திரும்பியது.

2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற மோட்டார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே இன்னும் தெளிவாக்கியது. மருத்துவர் சொல்லும் உடல் ஊனச் சதவீதம் வேறு, வருமானம் ஈட்டும் திறனின் இழப்பு வேறு. முதலில் அந்த ஆள் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, பிழைக்க வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சதவீதம் போட வேண்டும். தச்சரோ ஓட்டுநரோ இடது கையை இழந்தால் நூறு சதவீதம்கூட ஆகலாம். அலுவலக எழுத்தருக்கு அப்படி ஆகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஊன மதிப்பீட்டு அட்டவணையே தொழிலுக்கும் வயதுக்கும் ஏற்ப எண்ணைத் திருத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நம்மிடம் அது அட்டவணையில் இல்லை. வழக்காடுகிறவரின் வாயில் இருக்கிறது. யார் கேட்கிறாரோ அவருக்குக் கிடைக்கிறது.

நம் முப்பது வயதுக்காரருக்கு இந்த வாதம் எவ்வளவு பெறும்? அறுபது சதவீதம் நூறாகும். 11,23,092 ரூபாய் 18,71,820 ஆகும். ஏழரை லட்சத்துக்கு அருகே வித்தியாசம். இதற்கு வேண்டியது நல்ல சாட்சியம்: ஜாக்ஹேமரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், ஹிட்டாச்சி ஓட்ட இரண்டு கை வேண்டும், சம்மட்டிக்கும் இரண்டு கை. எழுதப் படிக்கத் தெரியாதவர், திருவக்கரையைச் சுற்றி உடல் உழைப்பு தவிர வேறு வேலை கிடைக்காத இடத்தில் இருப்பவர் என்பதும் சொல்லப்பட வேண்டும். பெரும்பாலும் இது சொல்லப்படுவதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ வேறு மருத்துவ வாரியத்திலிருந்தோ ஊனச் சான்று வாங்குவார்கள். அதில் இருக்கும் எண்ணையே மனுவில் போட்டுவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த எண்ணிலிருந்து கீழே இழுப்பார். ஊனச் சான்று மாற்றுத்திறனாளி உதவிகளுக்காகத் தரப்படுவது. உழைப்புத் திறன் இழப்பை அது அளப்பதே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது இந்தத் துறையில் தொழிலாளிக்கு நேரும் மிகப் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

அட்டவணையில் இல்லாத காயங்களில் இது இன்னும் கூர்மையாகும். முதுகெலும்பு நசுங்கியவர், இடுப்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தவர், கை இருந்தும் நரம்பு செத்துப்போனவர். கையின் பயன்பாடு முழுதும் நிரந்தரமாகப் போய்விட்டால் கையே போனதாகக் கொள்ள வேண்டும் என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. மற்றவற்றுக்குத் தகுதியுள்ள மருத்துவர் வருமானத் திறன் இழப்பைச் சதவீதத்தில் சொல்ல வேண்டும். முதுகு வலியை எக்ஸ்ரே காட்டாது. குனிந்து பாரம் தூக்க முடியாதவரை 'பத்து சதவீதம்' என்று எழுதும் சான்று, அவருடைய பிழைப்பில் நூறு சதவீதத்தை எடுத்துவிடுகிறது.

சம்பள வரம்பைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2010 மே மாதம் வரை வரம்பு 4,000 ரூபாய். பிறகு 8,000. 2020இல் 15,000. முப்பது வயதுக்காரரின் ஒரு கைக்கு இந்த மூன்று காலத்திலும் முறையே 2,99,491, 5,98,982, 11,23,092 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை யாரோ நினைத்துக்கொண்டால் கூடுகிறது. நடுவில் விலைவாசி எங்கே போனாலும் அசையாது. விபத்து எந்த நாளில் நடந்ததோ அந்த நாளின் சட்டமே பொருந்தும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே 2020 ஜனவரி 2ஆம் தேதி கையை இழந்தவருக்கும் மறுநாள் இழந்தவருக்கும் நடுவே ஐந்தேகால் லட்சம் ரூபாய் இடைவெளி. விலைவாசிப் புள்ளியோடு வரம்பைக் கட்டிவிட்டால் இந்தக் கொடுமை தீரும். அகவிலைப்படிக்கு அரசு ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் வழக்கு ஆணையர் முன் வந்தால். வருகிறதா என்பது தனிக் கேள்வி. குவாரியில் நியமனக் கடிதம் கிடையாது. வருகைப் பதிவு மேஸ்திரியின் நோட்டில். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் என்றால் முதலாளியின் பெயரே தெரியாமல் ஒப்பந்தக்காரரின் செல்பேசி எண் மட்டும் தெரியும். அடிபட்டவரைக் காரில் போட்டு ஜிப்மருக்கோ தனியார் மருத்துவமனைக்கோ கொண்டுபோகும் வழியிலேயே, பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொல்வார்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால், பின்னால் பத்து சாட்சி வந்தாலும் அதை அழிப்பது கடினம். சேர்க்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் இந்த வழக்கின் முதல் ஆவணம். செல்பேசியில் வந்த கூலிப் பணத்தின் வரவுக் குறிப்பு, வேலையிடத்தில் எடுத்த படம், மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வேலை உறவைக் காட்டும் சான்றுகள். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியிடமே கேட்கலாம், அவர் பின்னால் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பஞ்சாயத்து நடக்கும். ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தாயிற்று, கையில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ, ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து. கட்டைவிரல் போனவர்கள் அடுத்த விரலால் ரேகை வைப்பார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசம் என்றால் அது ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று தெரிந்தால் பதிவை அவர் மறுக்கலாம். பதிவாகாவிட்டால் முழுத் தொகையையும் கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு அப்படியே நிற்கும். ஆள்காட்டி விரல் ஒன்றுக்கே மேலே சொன்ன கணக்கில் 2,62,054 ரூபாய் வரும் என்று தெரிந்தவர், ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்திலோ மின்வழியிலோ, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தெரிவிக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். இழப்பீடு வாங்கியவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். இப்படியொரு அறிவிப்பை வாங்கிய குவாரித் தொழிலாளியை நான் கண்டதில்லை.

தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பது இந்தச் சட்டத்தில் பதிலாகாது. குடித்திருந்தார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார், விதியை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால்தான் முதலாளி தப்பலாம். இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் அதுவும் செல்லாது. தடுப்பே வைக்காத பெல்ட்டில் தடுப்பைக் கழற்றினார் என்று யாரும் சொல்ல முடியாது.

காலம் பற்றி: விபத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம். விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை. தொழிலாளி குடியிருக்கும் ஊரிலும் மனுச் செய்யலாம். வடநாட்டுத் தொழிலாளிக்கு இது பெரிய வசதி. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 25ஏ பிரிவு. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன என்பதுதான் நடைமுறை. ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. நம் கணக்கில் ஆண்டுக்கு 1,34,771 ரூபாய். காரணமில்லாத தாமதத்துக்குப் பாதித் தொகைவரை அபராதம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, முதலாளியே கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது. அபராதம் கேட்காமலே எத்தனையோ மனுக்கள் போடப்படுகின்றன. கேட்டால்தான் முதலாளி சமரசத்துக்கு இறங்கி வருவார். முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்ட வேண்டும், சட்டக் கேள்வி ஏதாவது இருக்க வேண்டும். சதவீதம் எத்தனை என்பது போன்ற உண்மை விவரங்களில் ஆணையரின் சொல்லே கடைசிச் சொல் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் ஆணையர் முன் வைக்கும் சாட்சியம் அத்தனை முக்கியமாகிறது.

இன்னொரு ஊனம் விபத்தாகவே கணக்கில் வராமல் போகிறது. பாறைத்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக இருக்கிறது. இடைவிடாத இரைச்சலால் போகும் செவித்திறனும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆனால் மூச்சு வாங்குகிறவருக்குக் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்புவதே வழக்கம். நோய் வெளிப்படும்போது அவர் அந்தக் குவாரியை விட்டு நாலு குவாரி மாறியிருப்பார். ராஜஸ்தான் 2019இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று கொடுக்கத் தொடங்கியது. இந்தத் தொகை போதாது. ஆனாலும் யார் முதலாளி என்ற தேடலில் நோயாளியை அலையவிடாத ஒரு வழி அது. கல் உடைத்தே பிழைக்கும் ஊர்கள் இவ்வளவு இருக்கும் தமிழ்நாட்டுக்கு அப்படியொரு கொள்கை அவசரமாகத் தேவை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. இழப்பீட்டுக் கணக்கு பெரிதும் மாறவில்லை: 60 சதவீதம், வயதுக் காரணி, சம்பள வரம்பு, அட்டவணை எல்லாம் பழைய வடிவில் தொடர்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பிருந்தால் சேரும் என்பது ஒரு நல்ல சேர்க்கை. பழைய விபத்துகளுக்குப் பழைய சட்டமே.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான மாற்றம் வேறொன்று. புதிய சட்டத்தின் முதல் அட்டவணை, இ.எஸ்.ஐ. அத்தியாயத்தைப் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருத்துகிறது. பருவகாலத் தொழிற்சாலை மட்டுமே விலக்கு. 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் சுரங்கமும் வருகிறது. சுரங்கத்தைத் தள்ளி வைத்த பழைய வாசகம் இங்கே இல்லை. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்றும் அதே அட்டவணை சொல்கிறது. குழிக்கும் கிரஷருக்கும் நடுவே இருந்த கோட்டை அழிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. வெடி வைக்கும் கல்குவாரியை ஆபத்தான தொழிலாக அறிவிக்க மத்திய அரசை மாநில அரசு கேட்க வேண்டும். குத்தகை உரிமம் புதுப்பிக்க வரும் குவாரி உரிமையாளரிடம், எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. எண் வாங்கியிருக்கிறாய் என்று கனிம வளத் துறை கேட்கலாம். கேட்காமல் உரிமம் தரக் கூடாது. எண் பதிவாகாமலே ஒருவர் அடிபட்டால் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. நிறுவனம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வேண்டும். தொழிற்சங்கங்களும், வானூர், மயிலம், திண்டிவனம் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் இப்போது எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. அதுவரை குழியில் அடிபடுகிறவருக்கு மிஞ்சுவது, இரண்டு ஆண்டுக்குள் ஆணையரிடம் போய், போன உறுப்போடு போன வேலையையும் எடுத்துச் சொல்லி, நூறு சதவீதம் கேட்பதுதான்.